ஃபீடு இல்லாத ஊரில் ‘தி சோசியல் டைலெமா’

சமூக ஊடகம் நம்மை என்ன செய்கிறது என்று யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான் வருகிறது: அல்காரிதம். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னாடி ஆபீசுக்குள் மட்டும் புழங்கிக்கொண்டிருந்த வார்த்தை. இன்றைக்கு டிவி விவாதத்தில் கட்சிக்காரர் சொல்கிறார், கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா சொல்கிறார்.

இந்தப் பதிலை உலகம் முழுக்கப் பரப்பியதில் ‘தி சோசியல் டைலெமா’ ஆவணப்படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெஃப் ஆர்லோவ்ஸ்கி இயக்கியது. 2020 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கூகுளில் வேலை பார்த்த டிரிஸ்டன் ஹாரிஸ், முடிவே இல்லாத ஸ்க்ரோலை வடிவமைத்த ஏசா ரஸ்கின், ஃபேஸ்புக்கின் லைக் பட்டனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜஸ்டின் ரோசன்ஸ்டீன் என்று, கட்டியவர்களே வந்து உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்கிறார்கள். நடுநடுவே ஒரு கற்பனைக் குடும்பம். அந்தப் பையனின் மூளைக்குள் எதைப் போடலாம் என்று ஒரு கட்டுப்பாட்டு அறையில் மூன்று பேர் முடிவெடுக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே நடிகர், அவர்தான் அல்காரிதம். பழைய படங்களில் நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாரே, கிட்டத்தட்ட அதேதான்.

படம் சொல்வது பொய் இல்லை. பாதிப் பேருக்கு ஒரு மாதிரி, மீதிப் பேருக்கு வேறு மாதிரி காட்டி, எதில் ஆள் கூடுதல் நேரம் நிற்கிறார் என்று அளப்பது என் துறையில் அன்றாட வேலை. அந்த அளவில் அது நேர்மையான படம்.

என் புகார் வேறு. இந்தப் படத்தைத் திருச்செங்கோட்டில் வைத்துப் பார்த்தால் பாதி பொருந்தவில்லை. சேலம், நாமக்கல் பக்கம் கடந்த பத்து வருடத்தில் பெரிய சேதத்தையும், சொல்லப்போனால் பெரிய லாபத்தையும் கொண்டுவந்தது வாட்ஸ்அப். நான் சொல்லும் காலத்து வாட்ஸ்அப்பில் ஃபீடே கிடையாது. வந்த வரிசையில் செய்தி நிற்கும். எதை மேலே காட்டலாம், எதைக் கீழே தள்ளலாம் என்று முடிவெடுக்க உள்ளே எந்த நம்பியாரும் இல்லை. 2016 ஏப்ரலுக்குப் பிறகு முழு என்கிரிப்ஷன் வந்துவிட்டதால், என்ன செய்தி போகிறது என்று அந்தக் கம்பெனியாலேயே படிக்க முடியாது. அப்படியானால் இங்கே நடந்ததை எல்லாம் எது நடத்தியது?

ஒரே ஊரில் ஒரே வருடத்தில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. குழந்தை இல்லாத ஒரு தம்பதியின் கதை, திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவோடு பிணைந்தது. நாலு வருடம் பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. 2014 டிசம்பரில் திடீரென்று கிளம்பியது. எதிர்த்த பலர் நாவலைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் கைக்குக் கை போயின. 2015 ஜனவரி 9-ந் தேதி திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 12-ந் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சு’. அதன் பிறகுதான் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்ற அறிவிப்பு அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வந்தது.

கவனியுங்கள். தாக்குதலுக்குப் பயன்பட்டது ஜெராக்ஸ் மிஷின். ஃபேஸ்புக் பயன்பட்டது அடிபட்டவருக்கு. அந்த ஒரு பதிவுதான் திருச்செங்கோட்டுப் பிரச்சினையை டெல்லிக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனது. 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முழுசிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சூடேற்றி, கைமாற்றுவது என்கிற வேலை, நாம் ட்விட்டர் மேல் போடும் பழி, இங்கே ஒரு பக்கம் ஒரு ரூபாய் செலவில் நடந்து முடிந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து அதே ஊர், அதே அர்த்தநாரீஸ்வரர் மலை. 2015 ஜூன் 23-ந் தேதி, ஓமலூர்ப் பக்கத்துத் தலித் இளைஞர் ஒருவர், இன்ஜினியரிங் முடித்தவர், வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு கோயிலுக்கு வந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவரையே மிரட்டிப் பேசவைத்து வீடியோ எடுத்திருந்தார்கள். முதன்மைக் குற்றவாளி யுவராஜ், தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவையின் தலைவர். மூன்று மாதத்துக்கும் மேல் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அந்த மூன்று மாதமும் அவருடைய குரல் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அக்டோபர் 11-ந் தேதி நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்தில் சரணடைந்ததைக்கூட முன்னறிவிப்போடு, ஆதரவாளர் கூட்டத்தோடு, ஏதோ கட்சி மாநாடு மாதிரி நடத்திக்கொண்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் சாகும்வரை சிறை என்று தண்டித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கைத் தாங்கிப் பிடித்த முக்கியமான சாட்சி கோயிலின் சிசிடிவி பதிவு. மனித சாட்சிகள் பலர் பிறழ்ந்துபோனார்கள், கேமரா பிறழவில்லை.

அந்த ஆடியோக்கள் ஏன் அவ்வளவு தூரம் போயின? யாரும் ‘பரிந்துரைக்க’வில்லை. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வசதி வந்தது 2013-ல். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம். நம்ம ஊர் பேச்சு, நம்ம ஊர் இழுவை, நடுநடுவே ‘ங்க’ போட்ட மரியாதை. அதைவிட முக்கியம், அது யுவராஜிடமிருந்து வரவில்லை. மாமாவிடமிருந்து வந்தது. ரிக் வண்டிக்கு வேலைக்குப் போகும் பங்காளி அனுப்பினார். கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக் குழுவில் வந்தது. கேட்பவர் எடைபோட்டது பேசியவரை இல்லை, அனுப்பியவரை.

இதைச் சமூகவியலில் ஏற்கனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை மிகவும் பிரபலம். புதுச் செய்தி நமக்கு நெருங்கிய உறவுகள் வழியாக வருவதைவிட, லேசாகப் பழகியவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்பது அவர் வாதம். வேலை காலி இருக்கிறது என்று சொல்பவர் அண்ணனாக இருக்க மாட்டார், அண்ணனோடு படித்த யாரோ ஒருவராக இருப்பார். ஆனால் 2007-ல் டேமன் சென்டோலாவும் மைக்கேல் மேசியும் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். தகவலுக்கு ஒருத்தர் சொன்னால் போதும். நம்பிக்கைக்கும், ரிஸ்க் எடுக்கும் செயலுக்கும் அது போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் சொல்ல வேண்டும். அதற்கு நெருக்கமான, ஒன்றோடொன்று பின்னிய உறவு வலைதான் தோது.

நம்ம ஊர் போனை எடுத்துப் பாருங்கள். குலதெய்வக் கோயில் குழு, பங்காளிகள் குழு, தொழில் குழு, பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் குழு. நாலிலும் பாதி ஆட்கள் அதே ஆட்கள். ஒருத்தர் தூக்கிப் போட்டது நாலு குழுவிலும் நாலு பேர் பெயரில் வந்து நிற்கும். நெட்வொர்க் பாஷையில் சொன்னால் ஒரே பாக்கெட்டின் நாலு நகல். பார்க்கிறவருக்கு அது நாலு தனித்தனி சாட்சி. “எல்லாரும் சொல்றாங்களே” என்பதன் சூத்திரம் இவ்வளவுதான். இதற்கு அல்காரிதம் வேண்டியதில்லை. சாதியும் சொந்தமும் முந்நூறு வருடமாகக் கட்டி வைத்த வயரிங் இருக்கிறது, வாட்ஸ்அப் அதில் பிளக்கைச் செருகியது.

ஹாரிஸ் தரப்பு இங்கே ஒன்று கேட்கலாம்: அப்படியானால் இது உங்கள் ஊர்ப் பிரச்சினை, ஆப்பின் தவறு என்ன? தவறு உண்டு. வெட்டிய துண்டை ஜெராக்ஸ் எடுக்க கடைக்கு நடக்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும், கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த உரசலை எல்லாம் இரண்டு தட்டலாகக் குறைத்தது ஆப். உரசல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் 2018 மே மாதம் நடந்தது சாட்சி. குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பம், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். குழந்தை கடத்தும் கும்பல் என்று அடித்ததில் 65 வயது அம்மா இறந்துபோனார். அதற்கு முன் பல வாரமாக வட மாவட்டங்களில் கடத்தல் எச்சரிக்கை ஃபார்வர்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜூலையில் மகாராஷ்டிராவின் துலேயில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து அரட்டைகளுக்கு மட்டும் என்று குறுக்கியது. 2020 ஏப்ரலில், ஏற்கனவே பல கை மாறிய செய்தியை ஒரு அரட்டைக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று வைத்தார்கள். அந்த வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாகக் கம்பெனியே சொன்னது. உரசலைத் திரும்பச் சேர்த்தால் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இனி தொழிலுக்கு வருவோம்.

சமூக ஊடகம் விவசாயிக்கும் சிறு தொழிலுக்கும் ‘சந்தைத் தகவலை’க் கொண்டுவந்தது என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. நாமக்கல் முட்டை இந்தக் கதைக்கு ஒத்துவராது. முட்டை விலையை வியாபாரி சொல்ல, பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டிருந்த நிலைமையை மாற்றியது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நம்ம பாஷையில் நெக். பி.வி. ராவ் ஊர் ஊராகப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் பேசி 1982-ல் தொடங்கியது. ‘என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை’ என்பது கோஷம். அப்போது செல்போனே கிடையாது. தகவலைப் பொதுவாக்கியது சங்கம். வாட்ஸ்அப் அந்த விலையைக் காலையில் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்து தருகிறது, அவ்வளவே. நெக் விலைக்கும் வியாபாரி பண்ணையில் உண்மையில் கொடுக்கும் விலைக்கும் இடையே ‘மைனஸ்’ என்று ஒரு கழிவு உண்டே, அந்தச் சண்டையை எந்த ஆப்பும் தீர்க்கவில்லை.

ஆனால் விலையைச் சரிக்க ஆப்பால் முடிந்தது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று நாடு முழுக்கச் செய்தி சுற்றியது. கறிக்கோழி விலை விழுந்தது, முட்டையும் விழுந்தது. மத்திய அமைச்சகம் சம்பந்தமே இல்லை என்று அறிக்கை விட்டது. ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையில் ஏறிக் கோழிக்கறி தின்றே காட்டினார்கள். எல்லாப் பழியையும் வதந்தி மேல் போட முடியாது. மார்ச் முதல் வாரம் கோழிக்கோடு பக்கம் நிஜமாகவே பறவைக் காய்ச்சல் வந்தது, நாமக்கல் முட்டைக்குக் கேரளா பெரிய சந்தை. பிறகு ஊரடங்கு. ஆனாலும் முதல் அடி வதந்தியுடையது. அறிக்கை எடுபடாமல் அமைச்சர் வாயில் கறியை வைத்துக் காட்ட வேண்டி வந்ததே, அதுவும் நான் சொல்வதைத்தான் காட்டுகிறது. காகிதத்தை யாரும் நம்பவில்லை, முகத்தைத்தான் நம்புவார்கள் என்று அவர்கள் சரியாகக் கணித்தார்கள்.

இதே நம்பிக்கை வலை தொழிலில் நன்றாகவும் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு சுவாரசியமான இடம். பங்காளி முறையில் அண்ணன் ஒருவர் இரண்டு லாரி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் லோடு இறக்கின ஊரில் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் வண்டி கிடக்கும். இப்போது சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போகும்போதே ரிட்டர்ன் லோடு குழுவில் பேசி முடிந்துவிடுகிறது. முகம் தெரியாத புரோக்கரை எப்படிண்ணா நம்பறீங்க என்று கேட்டேன். “அட்வான்ஸ் போடாம ஏமாத்துனா, அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அவன் நம்பரு நம்ம எல்லா குரூப்புலயும் வந்துரும். அதுக்கப்பறம் அவனுக்கு வண்டி கெடைக்காது” என்றார்.

இளம்பிள்ளைச் சேலைக் கடைகளும் அப்படித்தான். யூடியூபில் சேலையை விரித்துக் காட்டுவார்கள், கீழே வாட்ஸ்அப் நம்பர். ‘ரீசெல்லர்ஸ் வரலாம், ஒரு சேலையும் கூரியர் உண்டு.’ மதுரையிலோ மலேசியாவிலோ வீட்டிலிருந்து ஒரு அக்கா அதே படத்தைத் தன் குழுவில் போட்டு, மேலே நூறோ நூற்றைம்பதோ வைத்து விற்பார். கையில் சரக்கு கிடையாது, முதல் கிடையாது. முதல் என்றால் அவரை நம்பும் இருநூறு பேர்தான். இந்தத் தொழில் தனக்கென்று சட்டம்கூட எழுதிக்கொண்டது. பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கணும், நடுவில் கட் பண்ணக் கூடாது, வீடியோ இல்லையென்றால் ரிட்டர்ன் இல்லை. எந்த அரசும் போடாத விதி. யார் பொய் சொல்கிறார் என்ற சண்டையிலிருந்து அனுபவத்தில் விளைந்தது.

லாரிக் குழுவிலும் சேலைக் குழுவிலும் பொய்க்கு விலை உண்டு. ஏமாற்றினால் தொழில் போகும். சாதிக் குழுவில், சொந்தக்காரர் குழுவில் பொய்க்கு விலை கிடையாது. கோழி வதந்தியை அனுப்பியவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, நஷ்டம் முழுக்க நாமக்கல் பண்ணைக்காரருக்கு. யுவராஜ் ஆடியோவை அனுப்பிய மாமாவுக்கு நஷ்டமில்லை, கொஞ்சம் மரியாதை கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. வலை ஒன்றுதான், ஆட்களும் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் லோடு குழுவில் ஒவ்வொரு நம்பரையும் சந்தேகப்பட்டு விசாரிக்கும் அதே ஆள், மதியம் பங்காளிக் குழுவில் எதையும் விசாரிக்காமல் தள்ளிவிடுகிறார். அவரை மாற்றியது கட்டுப்பாட்டு அறையின் மூன்று பேர் இல்லை. ‘தி சோசியல் டைலெமா’வில் இந்தக் கேள்வி வருவதற்கே இடமில்லை, ஏனென்றால் அதில் வரும் பையன் தனி ஆள். அவனுக்கு எதிரே ஒரு இயந்திரம். நடுவில் மாமா இல்லை.

பொய்க்கு விலை இல்லாத இடத்தில் அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்பதற்கு இளம்பிள்ளைப் பக்கமே ஒரு சம்பவம் இருக்கிறது. 2016 ஜூனில் ஓர் இளம்பெண்ணின் மார்ஃபிங் செய்த படங்கள் ஃபேஸ்புக்கில் போடப்பட்டன. குடும்பம் புகார் கொடுத்தது. விசாரணை மெதுவாக நகர்ந்தது, ஒரு காவலர் வேலையை முடிக்க செல்போன் லஞ்சமாகக் கேட்டார். சில நாளில் அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்த பெரிய வலி படம் போட்டவன் மேல் இல்லை, வீட்டில் இருப்பவர்களே தன்னை நம்பவில்லை என்பதில். ஃபேஸ்புக் அந்தப் படத்தை நாலு நாள் முன்னாடி எடுத்திருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் படத்தை நம்புவதா பெண்ணை நம்புவதா என்ற கேள்விக்கு வீடும் ஊரும் சொன்ன பதிலை எந்த ஆப்பும் எழுதிக் கொடுக்கவில்லை.

நோயைத் தப்பாகப் பார்த்தால் மருந்தும் தப்பாகப் போகும். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இது பற்றி வழக்கு நடந்தபோது, சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் தகவலை ஒட்டி அனுப்ப முடியும் என்று யோசனை சொன்னார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான யோசனை. 2021-ல் மத்திய அரசின் ஐடி விதிகளில் ‘முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்’ என்று வந்தது. என்கிரிப்ஷனை உடைக்காமல் முடியாது என்று வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தரங்க உரிமை என்ற பெரிய விவாதத்தைத் தள்ளி வைத்தாலும், இது நம்ம ஊர்ச் சிக்கலுக்கு உதவாது. யுவராஜ் ஆடியோவை முதலில் அனுப்பியது யார் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை, அவரே பேர் சொல்லித்தான் பேசினார். முதல் ஆளைவிடக் கடைசி ஆள்தான் அதற்கு உயிர் கொடுத்தார்.

படத்துக்கு ஒரு இடத்தில் நியாயம் செய்துவிட வேண்டும். ரீல்ஸ் வந்த பிறகு ஃபீடு நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் சாதிப் பெயரைப் பாட்டோடு போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, மாமா வண்டியில் சாய்ந்து நிற்கும் வீடியோக்களை எந்தப் பங்காளியும் அனுப்புவதில்லை. அதுவாக வருகிறது, ஒன்றைப் பார்த்தால் இன்னும் பத்து. அந்த மூன்று நம்பியார்கள் அங்கே முழுநேர வேலையில் இருக்கிறார்கள். ஆனால் ரீலில் பார்த்ததைப் பையன் கொண்டுபோய்ப் போடும் இடம் மறுபடியும் அதே பங்காளிக் குழுதான். அங்கே பெரியவர்கள் கைகூப்பும் எமோஜி போடுகிறார்கள்.

2018-ல் வாட்ஸ்அப்பில் இன்னொரு வசதியும் வந்தது, அட்மின் மட்டும்தான் செய்தி போடலாம் என்று குழுவை மாற்றிக்கொள்ளலாம். விலை போடும் குழுக்களில் அதைச் சர்வ சாதாரணமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். பங்காளிகள் குழுவில் அதைப் போடச் சொல்லி அட்மினாக இருக்கும் தம்பியிடம் கேட்டேன். “பெரியப்பா என்ன நெனைப்பாருங்கண்ணா” என்றான்.